கண்டா ஆறு: டோக்கியோ நகரச் சிற்றாறு ஒன்றின் புவியியல்

டோக்கியோவின் கண்டா ஆறு வெறும் 24.6 கிலோமீட்டர் நீளமுடையது. மேற்கே மித்தாக்கா நகரிலுள்ள இனோகாஷிரா குளத்தில் தொடங்கி, குடியிருப்புகளையும் ரயில் பாதைகளையும் பல்கலைக்கழகங்களையும் கடந்து, கிழக்கே ரியோகோக்கு பாலத்துக்குச் சற்று மேலே சுமிடா ஆற்றில் கலந்துவிடுகிறது. தோன்றுவது முதல் முடிவது வரை அது டோக்கியோ மாநகர எல்லையைத் தாண்டுவதே இல்லை. இவ்வளவு சிறிய ஆற்றைப் பற்றிப் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். உண்மையில், ஆறு எப்படிப் பிறக்கிறது, பள்ளத்தாக்கு எப்படி உருவாகிறது, வெள்ளம் ஏன் வருகிறது, மனிதர்கள் ஆற்றின் போக்கை எவ்வளவு தூரம் மாற்ற முடியும் ஆகிய அடிப்படைக் கேள்விகள் அனைத்துக்கும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடக்கூடிய தொலைவுக்குள் விடை வைத்திருக்கும் ஆறுகள் அரிது. கண்டா ஆறு அவற்றுள் ஒன்று.

முதல் கேள்வி, இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்பது. ஆறு என்றாலே மலையில் பிறந்து சமவெளிக்கு இறங்கி வருவது என்ற எண்ணம் நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. ஆனால் இனோகாஷிரா குளத்தைச் சுற்றி மலை எதுவும் இல்லை; கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் வீடுகள் நெருங்கிய சமதளத்தில்தான் குளம் இருக்கிறது. அங்கே தண்ணீர் எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, குளம் அமைந்துள்ள முசாஷினோ மேட்டுநிலத்தின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும்.

டோக்கியோவின் மேற்கிலுள்ள மலைகளிலிருந்து இறங்கும் தாமா ஆறு, ஓமே என்ற இடத்தில் மலையை விட்டு வெளியே வருகிறது. மலைச்சரிவில் வேகமாக ஓடி வந்த ஆறு திடீரெனச் சமதரையை அடையும்போது வேகம் குறைகிறது. சுமந்து வந்த கூழாங்கற்களையும் மணலையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக இப்படிக் கொட்டிய கற்கள், ஓமேயை உச்சியாகக் கொண்டு கிழக்கு நோக்கி விரியும் ஒரு நிலப்பரப்பை உருவாக்கின. புவியியலில் இதை வண்டல் விசிறி என்பார்கள். பிறகு தாமா ஆறு தெற்கே ஒதுங்கிக்கொண்டது. விட்டுச்சென்ற கற்படுகையின்மேல் ஃபுஜி, ஹக்கோனே முதலிய எரிமலைகள் உமிழ்ந்த சாம்பல் காற்றில் வந்து படிந்து, பல மீட்டர் தடிமனுள்ள செம்பழுப்பு மண்ணாக இறுகியது. ஆகவே முசாஷினோ மேட்டுநிலத்தில் மேலே சாம்பல் மண், அதற்குக் கீழே கூழாங்கல், அதற்கும் கீழே நீர் எளிதில் ஊடுருவாத களிமண் அடுக்குகள் என்ற வரிசை அமைந்துள்ளது.

இந்த வரிசைதான் ஆற்றைப் பிறப்பிக்கிறது. மேட்டில் பெய்யும் மழை சாம்பல் மண்ணின் நுண்துளைகள் வழியே மெல்லக் கீழிறங்கி, கூழாங்கல் அடுக்கை அடைகிறது. அதற்குக் கீழே இறங்க வழியில்லாததால், நிலத்தின் சரிவை ஒட்டிக் கிழக்கு நோக்கி நிலத்தடியிலேயே நகர்கிறது. மேட்டின் மேற்பரப்பும் கிழக்கே போகப்போகத் தாழ்கிறது. எந்த இடத்தில் தரைமட்டம் தாழ்ந்து நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடுகிறதோ, அந்த இடத்தில் நீர் ஊற்றாக வெளியே வருகிறது. முசாஷினோவில் அந்த உயரம் சுமார் 50 மீட்டர். இனோகாஷிரா குளத்துக்கு வடக்கே உள்ள ஜென்புகுஜி குளமும், அதற்கும் வடக்கே உள்ள சன்போஜி குளமும் ஏறக்குறைய இதே உயரத்தில் அமைந்திருப்பது தற்செயல் அன்று. வரைபடத்தில் 50 மீட்டர் சமஉயரக் கோட்டைத் தேடி விரலை வடக்கு தெற்காக நகர்த்தினால், இந்தக் குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரலுக்குக் கீழே வரும். மலையே இல்லாத நகரத்தில் ஓர் ஊற்றுக்கோடு இப்படித் தெளிவாகத் தெரிவதை நான் புவியியலின் அழகான பாடங்களில் ஒன்றாகவே கருதுகிறேன்.

ஜென்புகுஜி குளத்திலிருந்து வரும் ஜென்புகுஜி ஆறும், சுகினாமி வட்டத்திலுள்ள மியோஷோஜி குளத்தில் தொடங்கும் மியோஷோஜி ஆறும் கண்டா ஆற்றின் முக்கியத் துணையாறுகள். இவை மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீரை வாங்கிக்கொள்கின்றன. ஒரு நிலப்பரப்பில் விழும் மழை எந்த ஆற்றை நோக்கி வடிகிறதோ, அந்தப் பரப்பு முழுவதும் அந்த ஆற்றின் வடிநிலம் எனப்படும். இரண்டு வடிநிலங்களுக்கு இடையே உள்ள உயர்ந்த விளிம்பு நீர்பிரி மேடு. மலைநாட்டில் நீர்பிரி மேட்டைக் கண்ணாலேயே காணலாம். டோக்கியோ போன்ற தட்டையான நகரத்தில் அது சில மீட்டர் உயர வேறுபாடுதான் என்பதால் கட்டடங்களுக்கிடையே மறைந்துவிடுகிறது. ஆனாலும் அதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. 1653ஆம் ஆண்டில், டோக்கியோவின் பழைய வடிவமான எடோ நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவர, ஹமுராவிலிருந்து யோட்சுயா வரை ஏறத்தாழ 43 கிலோமீட்டருக்கு வெட்டப்பட்ட தாமாகாவா கால்வாய், பெரும்பகுதியும் இந்த மேட்டின் முதுகிலேயே செல்கிறது. உயரமான முதுகில் கால்வாய் ஓடினால்தான் இருபுறமும் உள்ள ஊர்களுக்கு வெறும் சரிவைக் கொண்டே தண்ணீர் பிரித்துவிட முடியும். நில அளவைக் கருவிகள் எளிமையாக இருந்த அந்தக் காலத்தில் கால்வாயை வெட்டியவர்கள் நீர்பிரி மேட்டை எவ்வளவு துல்லியமாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் கால்வாயே சான்று. கண்டா வடிநிலத்தின் தெற்கு எல்லையைத் தேடுபவர் அந்தக் கால்வாயின் தடத்தைப் பின்தொடர்ந்தால் பெரும்பாலும் தவறாது.

குளத்திலிருந்து புறப்படும் ஆறு ஆரம்பத்தில் ஒரே தாவில் தாண்டிவிடக்கூடிய அளவு ஒடுங்கியது. 50 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டம் வரை 24.6 கிலோமீட்டரில் இறங்குவதால், சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர்தான் சரிவு. இவ்வளவு மெல்லிய சரிவிலும் ஆறு தன் வேலையை விடாமல் செய்திருக்கிறது. ஊற்று நீர் மேட்டின் மென்மையான சாம்பல் மண்ணை அரித்து அரித்து, அகலமான அடித்தளத்தையும் இருபுறமும் சரிவுகளையும் உடைய பள்ளத்தாக்கை உண்டாக்கியுள்ளது. முசாஷினோ மேட்டின் கிழக்கு விளிம்பில் இத்தகைய பள்ளத்தாக்குகள் பல, விரித்த உள்ளங்கையின் ரேகைகளைப் போல மேட்டைப் பிளந்து நிற்கின்றன. டோக்கியோவின் தெருக்களில் எதிர்பாராத இடங்களில் செங்குத்தான ஏற்ற இறக்கங்கள் வருவதற்குக் காரணம் இந்த ரேகைகளே.

ஆற்றின் நடுப்பகுதியில், மெஜிரோ மேட்டின் அடிவாரத்தில் இந்தச் சரிவு மிகத் தெளிவாகத் தெரியும். வடக்குக் கரையை ஒட்டி மரங்கள் அடர்ந்த செங்குத்தான சரிவு எழுகிறது. தெற்கே வாசேதா பக்கம் நிலம் தட்டையாக விரிகிறது. தெற்கு நோக்கிய சரிவில் வெயில் நன்றாகப் படும், சரிவின் அடியில் ஊற்று நீர் கிடைக்கும், மேலிருந்து பார்த்தால் ஆற்றுவெளி முழுவதும் தெரியும். ஆகவே எடோ காலத்தில் பிரபுக்களின் மாளிகைகளும் தோட்டங்களும் இந்தச் சரிவில் அமைந்தன. அவற்றுள் சில இன்று பொதுத் தோட்டங்களாக நிலைத்திருக்கின்றன. கீழே ஆற்றோரத் தாழ்நிலம் நெல்வயல்களாக இருந்தது. மேட்டில் வசதியானோர், பள்ளத்தில் உழவர்களும் தொழிலாளர்களும் என்ற பிரிவு நிலத்தின் உயரத்தை அப்படியே பின்பற்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துணிச் சாயத் தொழில் செய்வோர் தெளிந்த நீரைத் தேடி ஆற்றின் மேல்பகுதிக்கு நகர்ந்து ஓச்சியாய், தகடானோபாபா பகுதிகளில் குடியேறினார்கள்; சாயமேற்றிய துணிகளை ஆற்று நீரிலேயே அலசினார்கள். அந்தத் தொழில் இன்றும் அங்கே தொடர்கிறது, ஆனால் அலசுவது ஆற்றில் இல்லை.

அடுத்து, மனிதர்கள் இந்த ஆற்றை என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். பின்னாளில் ஜப்பானை ஆண்ட ஷோகுன் (படைத்தலைவராக இருந்து ஆள்பவர்) ஆன தொக்குகாவா இயேயாசு 1590இல் எடோவுக்கு வந்தபோது, கோட்டையைச் சுற்றியிருந்த தாழ்நிலத்தில் கிணறு தோண்டினால் உப்புநீரே கிடைத்தது. நகரத்துக்கு நல்ல குடிநீர் வேண்டும். இனோகாஷிராவின் ஊற்று நீரை நகருக்குக் கொண்டுவரும் கண்டா குடிநீர்க் கால்வாய் அப்படித் தோன்றியது. அதன் அமைப்பு புவியியல் மாணவர் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டியது. மேல்பகுதியில் ஆறே கால்வாயாகப் பயன்பட்டது. செக்கிகுச்சி என்ற இடத்தில் ஆற்றின் குறுக்கே ஒரு கல்லணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். அங்கிருந்து ஆறு தன் இயல்பான சரிவில் கீழே போக, குடிநீர் மட்டும் தனி வாய்க்காலில் மேட்டின் அடிவாரத்தை ஒட்டி, உயரத்தை இழக்காமல் மெல்லிய சரிவில் சென்றது. இரண்டும் பக்கம் பக்கமாகச் சென்றாலும், தொலைவு கூடக்கூட அவற்றின் உயர வேறுபாடு அதிகரித்தது. அந்த வேறுபாட்டைக் கொண்டுதான், கீழே சுய்தோபாஷி அருகே, குடிநீரை மரத்தொட்டிப் பாலம் ஒன்றின் வழியே ஆற்றுக்கு மேலேயே கடத்தி எதிர்க்கரைக்குக் கொண்டுபோக முடிந்தது. ஓர் ஆறு தன் நீரைத் தனக்கு மேலேயே சுமந்த விந்தை அது. ஹைக்கூ கவிஞர் மட்சுவோ பாஷோ 1677 முதல் சில ஆண்டுகள் இந்தக் கால்வாயின் பராமரிப்புப் பணியில் ஈடுபட்டு, செக்கிகுச்சியில் தங்கியிருந்தார். குடிநீர் வழங்கும் பணியைக் கால்வாய் 1901இல்தான் நிறுத்தியது.

இதைவிடப் பெரிய மாற்றம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிகழ்ந்தது. இன்றைய கண்டா ஆற்றின் முன்னோடியான ஹிராக்காவா, எடோ கோட்டைக்கு அருகே தெற்கு நோக்கிப் பாய்ந்து, ஹிபியா நுழைவாய் என்ற, நிலத்துக்குள் நீண்டிருந்த கடற்பகுதியில் கலந்தது. இன்று ஹிபியா பூங்காவும் மருனோஉச்சி அலுவலகக் கட்டடங்களும் இருக்கும் இடத்தில் அப்போது அலை வந்து போனது. நுழைவாயை நிரப்பி நகரமாக்கிய பின், மேலிருந்து வரும் ஆற்று வெள்ளம் கோட்டையடி நகரத்துக்குள் புகும் ஆபத்து எழுந்தது. அதோடு கோட்டையின் வடக்குப் பக்கத்துக்கு ஒரு வெளி அகழியும் தேவைப்பட்டது. இரண்டு தேவைகளுக்கும் ஒரே தீர்வு, ஆற்றைக் கிழக்கே திருப்பி சுமிடா ஆற்றில் விடுவது. குறுக்கே நின்றது ஹொங்கோவிலிருந்து சுருகாடாய் வரை நீண்ட மேட்டின் முனை. இரண்டாம் ஷோகுன் ஹிடேதாடாவின் ஆணைப்படி, செண்டாய் பிரபு தாத்தே மசமுனேயின் ஆட்கள் 1620இல் அந்த மேட்டைக் குறுக்கே வெட்டிப் பிளந்தார்கள். 1660க்குப் பிறகு செண்டாய் நாட்டினரே அதைப் படகு செல்லும் அளவுக்கு அகலப்படுத்தினார்கள்.

இந்த வெட்டின் விளைவை ஓச்சானோமிசு ரயில் நிலையத்துக்கு அருகே, ஹிஜிரி பாலத்தின்மேல் நின்று கீழே பார்க்கும் எவரும் உடனே உணர்வார்கள். பாலத்துக்குக் கீழே ஆழத்தில் பச்சை நிற நீர், இருபுறமும் மரங்கள் மூடிய செங்குத்தான கரைகள். பார்ப்பதற்கு இயற்கை ஆற்றுக்குடைவு போலவே தோன்றும். ஆனால் இந்த மேட்டின் இயற்கையான பள்ளத்தாக்கு மேலே அகன்றும், அடியில் தட்டையாகவும், போகப்போக விரிந்தும் இருக்கும். இது மேட்டின் குறுக்கே ஒரே அகலத்தில், ஒடுங்கி, ஏறக்குறைய நேராகச் செல்கிறது. கிழக்கே நோக்கினால், தெற்குக் கரையை ஒட்டி சூவோ ரயில் பாதை செல்வதும், சோபு பாதை ஆற்றைக் கடந்து அகிஹபாரா பக்கம் திரும்புவதும் தெரியும். அவற்றுக்கும் கீழே, கரைச்சரிவிலுள்ள சுரங்க வாயிலிலிருந்து மருனோஉச்சி மெட்ரோ ரயில் வெளியே வந்து, சிறிய பாலம் ஒன்றில் ஆற்றைத் தாண்டி, எதிர்ப்புறச் சுரங்கத்துக்குள் மறைந்துவிடும். நிலத்துக்கடியில் ஓடவேண்டிய ரயில் இந்த இடத்தில் வெளிச்சத்துக்கு வருவதற்கு வேறு காரணமில்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன் தோண்டிய பள்ளம் ரயில் சுரங்கத்தைவிட ஆழமானது.

திருப்பப்பட்ட பின் எஞ்சிய பழைய ஆற்றுத்தடத்தின் ஒரு பகுதி நிரப்பப்பட்டு, 1903இல் மீண்டும் தோண்டி இணைக்கப்பட்டது. சுய்தோபாஷிக்கு மேலே கண்டா ஆற்றிலிருந்து பிரியும் அந்தக் கிளையே நிஹோன்பாஷி ஆறு. 1964 ஒலிம்பிக் போட்டிகளுக்காக அதன்மேல் கட்டப்பட்ட உயர்மட்ட விரைவுச்சாலை நெடுந்தூரம் ஆற்றுக்கு வானத்தையே மறைத்துவிட்டது. நிஹோன்பாஷி பாலத்தை ஒட்டிய பகுதியில் சாலையைச் சுரங்கத்துக்கு மாற்றும் பணி இப்போது நடைபெறுகிறது. 2035இல் சுரங்கத்தைத் திறக்கவும் 2040க்குள் மேம்பாலத்தை அகற்றி முடிக்கவும் திட்டம்.

இனி வெள்ளத்துக்கு வருவோம், ஏனெனில் கரையோரம் வாழும் மக்களுக்கு ஆற்றின் புவியியல் என்பது முதன்மையாக இதுதான். காடும் வயலுமாக இருந்த காலத்தில் மழைநீரின் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கி, நாள்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல ஆற்றை அடைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வடிநிலம் முழுவதும் வீடுகளும் தார்ச்சாலைகளும் நிறைந்தபோது, கூரையிலும் சாலையிலும் விழும் நீர் உடனடியாகக் குழாய்களில் புகுந்து, ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே ஆற்றில் வந்து விழத் தொடங்கியது. பெய்யும் மழை அதே அளவாக இருந்தாலும், ஆற்றின் உச்சநீர்மட்டம் வெகுவாக உயர்ந்தது. 1958 செப்டம்பர் 26 அன்று கானோகாவா புயலின்போது டோக்கியோவில் ஒரே நாளில் 371.9 மில்லிமீட்டர் மழை பதிவானது. கடலோரத் தாழ்நிலத்தில் மட்டுமே வெள்ளம் வரும் என்று நம்பியிருந்த நகரத்தில், மேட்டுநிலத்தின் பள்ளத்தாக்குகளிலேயே வீடுகள் மூழ்கின. 2005 செப்டம்பர் 4 இரவு சுகினாமி வட்டத்தில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது மியோஷோஜி, ஜென்புகுஜி ஆறுகள் கரை புரண்டன.

வெள்ளத்தைத் தாங்க ஆற்றை அகலப்படுத்துவதே வழக்கமான வழி. ஆனால் கரை வரை வீடுகள் நெருங்கிய இடத்தில் அகலத்துக்கு இடமில்லை. ஆகவே ஆற்றுப் படுகையை ஆழப்படுத்தி, இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். சாதாரண நாளில் மேல்பகுதியில் பாலத்தின்மேல் நின்று பார்த்தால், பல மீட்டர் ஆழமான சுவர்களுக்கிடையே முழங்கால் அளவு நீர் மெல்ல ஓடுவதும், அதில் கொக்கு ஒன்று மீனுக்குக் காத்து நிற்பதும் தெரியும். இவ்வளவு சிறிய நீருக்கு இவ்வளவு பெரிய சுவரா என்று கேட்கத் தோன்றும். ஆண்டில் சில மணி நேரங்கள் மட்டும் அந்தச் சுவர் முழுவதும் தேவைப்படுகிறது.

அதுவும் போதாதபோது டோக்கியோ நிலத்துக்கடியில் இறங்கியது. ஏழாம் வளையச் சாலைக்குக் கீழே, தரையிலிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தில், 4.5 கிலோமீட்டர் நீளமும் 12.5 மீட்டர் உள்விட்டமும் கொண்ட சுரங்கம் அமைக்கப்பட்டது. மூன்று ஆறுகளிலும் நீர்மட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது, கரையிலுள்ள மதகுகள் வழியே மிகைநீர் அதற்குள் விழுகிறது. கொள்ளளவு 5,40,000 கனமீட்டர். இந்த எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 105 சதுர கிலோமீட்டர் வடிநிலம் முழுவதும் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 52,50,000 கனமீட்டர். சுரங்கம் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் கொள்ளும். அப்படியானால் பயன் என்ன? வெள்ளத்தில் வீடுகளை மூழ்கடிப்பது மொத்த நீர் இல்லை. கரை தாங்கும் அளவுக்கு மேலே எழும் அந்த உச்சம் மட்டுமே. உச்சத்தின் தலையை வெட்டி எடுத்துச் சேமித்து, மழை ஓய்ந்த பின் இறைத்து ஆற்றிலேயே விட்டுவிட்டால் போதும். 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்தபோது சுரங்கம் ஏறத்தாழ 90 விழுக்காடு நிரம்பியது. அது இல்லாதிருந்தால் அந்த நீர் தெருக்களில் நின்றிருக்கும். இப்போது அதை வடக்கேயுள்ள ஷிராகோ ஆற்றின் நிலத்தடித் தேக்கத்துடன் இணைக்கும் பணி நடக்கிறது. ஒரு வடிநிலத்தில் மழை கொட்டும்போது அடுத்த வடிநிலத்தின் காலி இடத்தைப் பயன்படுத்தலாம் என்பது அதன் நோக்கம். இயற்கை வகுத்த நீர்பிரி மேட்டை நிலத்துக்கடியில் கடப்பது என்று இதைச் சொல்லலாம்.

மழை இல்லாத நாள்களில் ஆற்றில் ஓடும் நீர் எது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. மண்ணுக்குள் இறங்கும் மழை குறைந்தது. கிணறுகள் மூலம் நிலத்தடி நீரும் பெருமளவு உறிஞ்சப்பட்டது. இதனால் 1960களில் இனோகாஷிராவின் ஊற்றுகள் வற்றிப்போயின. இன்று குளத்தின் நீர் பெரும்பாலும் ஆழ்கிணற்றிலிருந்து இறைத்து விடப்படுகிறது. கீழே ஓச்சியாய் பகுதியில் 1964 முதல் இயங்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து சுத்திகரித்த நீர் ஆற்றில் விடப்படுகிறது; அந்த இடத்துக்குக் கீழே வறண்ட நாள்களில் ஓடும் நீரில் பெரும்பங்கு அதுதான். நகரமக்கள் வீட்டில் பயன்படுத்திய நீர், பெரும்பகுதியும் தொலைதூர ஆறுகளிலிருந்து குழாயில் வந்த நீர், இங்கே ஆறாக ஓடுகிறது. வடிநிலம் என்ற கருத்தின் எல்லையை இது சோதிக்கிறது, ஏனெனில் இந்த ஆற்றின் நீருக்கும் அதன் வடிநிலத்தில் பெய்யும் மழைக்கும் உள்ள தொடர்பு ஓரளவே மிஞ்சியிருக்கிறது. இதே நிலையத்தின் நீர் 1995 முதல் ஷிபுயா, மெகுரோ ஆறுகளுக்கும் குழாயில் அனுப்பப்படுகிறது. சுத்திகரிப்பு மேம்பட்டதன் பயனாக 1990களில் அயு என்னும் நன்னீர் மீன் கண்டா ஆற்றுக்குத் திரும்பி வந்தது. கனமழையின்போது மட்டும் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் கலந்து ஆற்றில் வழியும் குறை இன்னும் தீரவில்லை.

ஆற்றின் கடைசிப் பகுதி கடலுக்கு உட்பட்டது. டோக்கியோ விரிகுடாவின் ஓதம் சுமிடா வழியே ஏறி, ஓச்சானோமிசுவைத் தாண்டி ஈடாபாஷி வரைக்கும் நீர்மட்டத்தை நாள்தோறும் உயர்த்தித் தாழ்த்துகிறது. ஆகவே அந்தப் பகுதியில் ஓட்டம் மிக மெதுவானது. சில நேரம் நீர் நின்றுவிட்டது போலவும் தோன்றும்.

கண்டா ஆற்றின் ஊற்றுகள் முற்றிலும் இறந்துவிடவில்லை. 2004 அக்டோபரில் புயல் மழை தொடர்ந்து பெய்தபோது, நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து இனோகாஷிராவின் ஊற்றுகள் மீண்டும் பொங்கின. 2014க்கும் 2018க்கும் இடையே குளத்தின் நீரை மூன்று முறை வடித்து அடியைக் காயவிட்டார்கள்; இரண்டாம் முறைக்குப் பின், 2016இல், அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இனோகாஷிரா ஃபுராசுகோமோ என்ற அரிய நீர்ப்பாசி படுகை மண்ணிலிருந்து மறுபடி முளைத்தது. குளத்தைச் சுற்றியுள்ள நகராட்சிகள் வீடுகளின் கூரை நீரைச் சாக்கடையில் விடாமல், துளையிட்ட தொட்டிகள் வழியே மண்ணுக்குள் இறக்குமாறு மக்களை ஊக்குவித்து, செலவில் ஒரு பங்கையும் தருகின்றன. அப்படி இறங்கும் ஒவ்வொரு வாளி நீரும் சாம்பல் மண்ணைக் கடந்து கூழாங்கல் அடுக்கை அடைந்தால் ஊற்றுக்கு உதவுகிறது. அதே நீர் கனமழை நாளில் ஆற்றின் உச்சமட்டத்திலிருந்தும் கழிந்துவிடுகிறது.